ஒரு வீடு, இரண்டு ரவுட்டர்: ஒரே வலையமைப்பா, தனித்தனியா?

மாடிவீடு:
கீழ்த்தளத்தில் இணைய நிறுவனம் பொருத்திய ரவுட்டரும், அதிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் நான் வைத்த இன்னொரு ரவுட்டரும் உள்ளன. கீழ்க் கணினிக்கு 192.168.1.10, மாடி மடிக்கணினிக்கு 192.168.0.5 என்று முகவரி கிடைப்பதால், கீழிருந்து மாடிக் கணினியைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை. கோப்புகளைப் பாதுகாப்பாகப் பகிர வழி வேண்டும். சிசிடிவி ரெக்கார்டரும் விருந்தினரின் கைபேசிகளும் கீழ் ரவுட்டரில்தான் இருக்கின்றன.

கம்பிவடம்:
மாடி ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயின்டாக, அதாவது கீழ் வலையமைப்பையே மாடிக்கு நீட்டிக்கும் கருவியாக, மாற்றிவிடுங்கள். முதலில் அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) அணைத்து, 192.168.1.2 என்ற முகவரியைக் கொடுத்து, பிறகு கேபிளை வான் போர்ட்டிலிருந்து (இணையம் உள்ளே வரும் துளை) லேன் போர்ட்டுக்கு (வீட்டுக் கருவிகளுக்கான துளை) மாற்றினால் வீடு முழுவதும் ஒரே வலையமைப்பாகிவிடும். இரண்டிலும் டபிள்யூபிஎஸ் வசதியை (வைஃபை கடவுச்சொல் இல்லாமலே பட்டன் அல்லது பின் எண்ணால் இணையும் வழி) மறக்காமல் அணையுங்கள்; எட்டு இலக்கப் பின் எண்ணை அது இரு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே அம்பலமாகிவிட்டது.

ஈரடுக்கு:
நண்பரின் யோசனை வசதியானது, ஆனால் கேட்கப்பட்டது பாதுகாப்பு. உள்ளிருந்து தொடங்கிய தொடர்புக்கான பதிலை மட்டுமே மாடி ரவுட்டர் உள்ளே விடுகிறது. கீழிருந்து தொட முடியவில்லை என்று நீங்கள் குறையாகச் சொல்வதுதான் மடிக்கணினிக்கு இன்று இருக்கும் காவல். வாங்கிய நாள்முதல் மென்பொருள் புதுப்பிக்கப்படாத ஒரு ரெக்கார்டருக்காக அதை ஏன் இழக்க வேண்டும்?

கம்பிவடம்:
அது அரைக் காவல்தான். மாடியின் போக்குவரத்து முழுவதும் கீழ் ரவுட்டரைக் கடந்துதானே போகிறது? 2017இல் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவிய, கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி1 நெறிமுறையை அணைத்து, ஒவ்வொரு கணினியிலும் ஃபயர்வாலை (வேண்டாத தொடர்பைத் தடுக்கும் மென்பொருள்) ஒழுங்காக வைத்தால் போதும். விருந்தினரைத் தனியே பிரித்து வைக்கக் கெஸ்ட் வைஃபை இருக்கவே இருக்கிறது.

ஈரடுக்கு:
ரெக்கார்டர் கேபிளில் இணைந்திருந்தால் கெஸ்ட் வைஃபை அதை எப்படிப் பிரிக்கும்? மேலும், ஆக்சஸ் பாயின்டாக மாற்றியபின் பல மலிவு ரவுட்டர்களில் கெஸ்ட் பிரிப்பு வேலை செய்வதே இல்லை. பகிரும் கோப்புறையைக் கீழ்க் கணினியில் கடவுச்சொல்லோடு வைத்து, மாடியிலிருந்து 192.168.1.10 என்ற முகவரியால் திறந்தால், எதையும் மாற்றாமலே இரு பக்கமும் அதைப் பயன்படுத்தலாம். மாடிக் கருவிகள் அனைத்தும் கீழே ஒரே முகவரியில், அதாவது மாடி ரவுட்டரின் வான் முகவரியில்தான் தெரியும். கீழ்க் கணினியின் ஃபயர்வாலில், கோப்புப் பகிர்வுக்கான வாயிலான 445ஆம் போர்ட்டை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் திறந்தால் ரெக்கார்டருக்கு அங்கே இடமில்லை.

மாடிவீடு:
மாடியிலிருந்து முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்தபோது கோப்புறை திறந்துவிட்டது. 'நெட்வொர்க்' பட்டியலில் மட்டும் கணினியின் பெயர் தெரியவில்லை.

கம்பிவடம்:
பெயர் தேடும் அறிவிப்புகள் ரவுட்டரைத் தாண்டாது என்பதால் பட்டியலில் தெரியாது. பிரிண்டரையும் முகவரியால்தான் சேர்க்க வேண்டியிருக்கும். இந்த வழியிலேயே போவதானால், கீழ் ரவுட்டரின் டிஎச்சிபியில் மாடி ரவுட்டருக்கும் கீழ்க் கணினிக்கும் நிலையான முகவரியை ஒதுக்கிவிடுங்கள், இல்லையேல் மின்சாரம் போய் வந்தபின் முகவரி மாறி அந்த ஃபயர்வால் விதி பயனற்றுப் போகலாம். மாடிக் கருவிகள் எல்லாமே ஒரே முகவரியில் தெரிவதால், மாடி வைஃபை கடவுச்சொல்லை ஒரு விருந்தினருக்குக் கொடுத்தாலும் அவருடைய கைபேசிக்கும் 445ஆம் போர்ட் திறந்தேதான் இருக்கும்.