மறுமொழி: ‘ஆஸ்டியோபதிக் ஃபிசிஷியன்’ தமிழில்?

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களே, வணக்கம். அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம்) பெற்ற மருத்துவரான ‘ஆஸ்டியோபதிக் ஃபிசிஷிய’னைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘எலும்பு மருத்துவர்’ என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் எலும்பு முறிவுக்கு அறுவை செய்பவருக்கு அந்தப் பெயரை எப்போதோ கொடுத்துவிட்டோம். ‘ஆஸ்டியோபதி’ என்று அப்படியே எழுதுவதில் வேறொரு சிக்கல். காதில் விழுந்ததும் நம்மவர்கள் அதை ஹோமியோபதியோடு சேர்த்து மாற்று மருத்துவமாக நினைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் டி.ஓ. படிக்கும் பெண்ணைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால், “அப்போ அவ ஊசி போடுவாளா?” என்றுதான் கேட்பார்கள்.

போடுவார். அறுவையும் செய்வார். நான்காண்டு மருத்துவக் கல்லூரி, அப்புறம் எம்.டி. பட்டதாரிகளோடு ஒரே மருத்துவமனையில் சிறப்புப் பயிற்சி. (அமெரிக்க எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். இடத்தில் இருக்கும் முதல் மருத்துவப் பட்டம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இரு தரப்புக்கும் தனித்தனியாக இருந்த பயிற்சி அங்கீகார முறை 2020இல் ஒன்றாகிவிட்டது.

இவர்கள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம் என்பதே என் வேண்டுகோள். பாதிக்கு மேற்பட்டவர்கள் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவற்றில் இருக்கிறார்கள். மற்றவர்களோ எல்லாத் துறையிலும் பரவியிருக்கிறார்கள். ரொனால்ட் பிளாங்க் 1996இல் அமெரிக்கத் தரைப்படையின் தலைமை மருத்துவர் ஆனார். அதே அமெரிக்கப் படைகள் 1960களின் நடுப்பகுதி வரை டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாகச் சேர்த்துக்கொண்டதே இல்லை! 1981இல் எய்ட்ஸ் நோயைப் பற்றி வெளிவந்த முதல் மருத்துவ அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர் ஜோயல் வைஸ்மன். லாஸ் ஏஞ்சலிஸில் சொந்தமாக மருத்துவம் பார்த்துவந்தவர். பார்பரா ராஸ்-லீ 1993இல் ஒகையோவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார்; அமெரிக்காவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். இவர்களில் யாரையாவது ‘எலும்பு மருத்துவர்’ என்று எழுத நமக்கு மனம் வருமா?

> அப்படியானால் எலும்பு எதற்கு? வெறும் ‘மருத்துவர்’ போதுமே.

போதாது என்பது என் கருத்து. ஆஸ்டியோபதியை உருவாக்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் தொடங்கியபோது, எலும்பும் தசையும் உடல் முழுவதையும் பாதிக்கும் என்ற எண்ணமே அடிப்படை. அந்த எண்ணத்தில் பிறந்த கைச்சிகிச்சைப் பயிற்சி இன்றும் பாடத்தில் உண்டு. கழுத்துப் பிடிப்போடு வருபவரின் தலையை ஒரு கையால் தாங்கி, திரும்ப முடிந்த எல்லை வரை மெல்லத் திருப்புகிறார் மருத்துவர். “என் கையை எதிர்த்து லேசாகத் தள்ளுங்கள்” என்கிறார். சில நொடிகள். தசை தளர்ந்ததும் இன்னும் கொஞ்சம் திருப்புகிறார். பலர் பயிற்சி முடிந்தபின் இதைத் தொடுவதே இல்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த மரபை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. கலிபோர்னியாவில் 1962இல் 65 டாலர் கட்டினால் டி.ஓ.வை எம்.டி.யாக மாற்றித் தந்தார்கள். பெரும்பாலோர் மாறினார்கள், மாற மறுத்தவர்கள் போராடி 1974இல் புதிய டி.ஓ.க்களும் மீண்டும் உரிமம் பெற வழி செய்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அடையாளத்தை நாம் ஒரு சொல்லால் அழித்துவிடக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை: என்புநெறி மருத்துவர். ‘என்பு’ குறளிலேயே இருக்கும் சொல். எலும்பு முறிவுப் பிரிவோடு குழம்பாது. ‘நெறி’ என்பதால், ‘ஆஸ்டியோபதி’யைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வரும் எலும்பு நோய் என்ற பொருளும் வராது. ‘மருத்துவர்’ கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘ஆஸ்டியோபத்’ என்பவர் கைச்சிகிச்சை மட்டும் தருபவர். முழு மருத்துவர் அல்லர். அவரை என்புநெறியர் என்று பிரித்துக்காட்டலாம்.

அந்தக் கைச்சிகிச்சைக்கு ‘கைமுறைச் சிகிச்சை’ என்று எழுதிவருகிறேன். இயன்முறை மருத்துவத்தில் இருக்கும் நண்பர்கள் இதே சொல்லை வேறு பொருளில் ஆள்கிறார்களா? அப்படியிருந்தால் ‘என்புநெறிக் கைச்சிகிச்சை’ என்று நீட்டிவிடுவோம். அகராதிப் பட்டியலில் ஏற்றுமுன் சொல்லுங்கள்.

அன்புடன்.