ஜோ தாமஸா, அந்தோணி முன்யோஸா: யார் பெரிய லெஃப்ட் டேக்கிள்? (அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை இடது பக்கத்தில் நின்று காக்கும் தடுப்பாளர்தான் லெஃப்ட் டேக்கிள்.)

கிக்ஸ்லைடு:
என் ஓட்டு கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் ஜோ தாமஸுக்கு. 2007 டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 3-வதாக எடுக்கப்பட்டார். 2017 அக்டோபரில் டைட்டன்ஸ் ஆட்டத்தில் இடது டிரைசெப்ஸ் கிழியும்வரை ஒரு ஸ்னாப்புக்குக்கூட (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) வெளியே வந்ததில்லை. தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப். ஆறு முறை ஆல்-புரோ முதல் அணி, அதாவது லீக்கின் அந்த ஆண்டுச் சிறந்த வீரர்கள் பட்டியல்.

பெங்கால்ஸ்தாசன்:
ஒரு பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) ஆட்டம்கூட ஆடவில்லையே நண்பரே? எங்கள் சின்சினாட்டி பெங்கால்ஸின் முன்யோஸ் இரண்டு சூப்பர் பவுல் (லீக் இறுதிப் போட்டி) ஆடினார், 11 முறை புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார்.

கிக்ஸ்லைடு:
அந்த இரண்டிலும் 49எர்ஸ் அணியிடம் தோற்றதை முன்யோஸ் தலையில் கட்டுவீர்களா? அப்புறம் பிரவுன்ஸ் 2016-ல் 1 வெற்றி, 15 தோல்வி, மறு ஆண்டு 0-16 என்று போனதை மட்டும் ஏன் தாமஸ் தலையில்? டேக்கிள் பந்தை எறிவதில்லை. அவர் 20 குவார்ட்டர்பேக்குகளுக்குக் காவல் நின்றவர். இது வேடிக்கைக் கணக்கு இல்லை. குவார்ட்டர்பேக் எங்கே நிற்பார் என்று தெரிந்தால்தான் எட்ஜ் ரஷரை (ஓரத்திலிருந்து அவரை நோக்கிப் பாயும் எதிரணி வீரர்) எந்தக் கோணத்தில் வெளியே தள்ளுவது என்று முடிவெடுக்க முடியும். ஒரு குவார்ட்டர்பேக் 7 யார்டு பின்னால் நிற்பார். இன்னொருவர் 10 யார்டுக்கு நழுவுவார். நழுவினால், ஒழுங்காகத் தள்ளிவிடப்பட்ட ரஷரே வளைந்து வந்து அவர் மடியில் விழுவான்.

மூன்றாம்டவுன்:
தாமஸின் கையாட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பலர் இரண்டு கையையும் சேர்த்துக் குத்துவார்கள். ரஷர் அதைத் தட்டிவிட்டால் தலை முன்னால் சாய்ந்துவிடும், கதை முடிந்தது. தாமஸ் ஒவ்வொரு கையாக நீட்டுவார். ஒன்று தட்டுப்பட்டால் மற்றது மார்பில் இருக்கும். புல் ரஷ், அதாவது நேராக முட்டித் தள்ளும் தாக்குதல், வந்தால், மேலே சாயும் ரஷரின் கையைக் கீழே இழுத்துவிடுவார். அவன் குப்புற விழுவான். கால்களும் அப்படித்தான்: குறுகிய பின்னடி, இடுப்பைச் சீக்கிரம் திருப்பாமை. திருப்பினால் உள்பக்கம் கதவு திறந்த மாதிரி.

பெங்கால்ஸ்தாசன்:
பாஸ் தடுப்பில் ஒப்புக்கொள்கிறேன். பந்தோடு ஓடுபவருக்கு வழி திறக்கும் ஓட்ட ஆட்டம்? 1988-ல் பெங்கால்ஸின் ஓட்டக்காரர் இக்கி வுட்ஸ் 1,066 யார்டு, 15 டச்டவுன். அந்தத் தடுப்பு வரிசையின் தூண் முன்யோஸ்.

கிக்ஸ்லைடு:
2009 டிசம்பரில் சீஃப்ஸுக்கு எதிராக பிரவுன்ஸின் ஜெரோம் ஹாரிசன் 286 யார்டு ஓடினாரே, அன்று இடது பக்கம் யார் நின்றது? போதாதென்றால் இதையும் சொல்கிறேன்: மொத்த வாழ்க்கையில் 30 சாக் (குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் வீழ்த்தப்படுவது) மட்டுமே விட்டுக்கொடுத்தவர் தாமஸ்.

பெங்கால்ஸ்தாசன்:
ஒரு நாள் ஓட்டம், சரி. ஆனால் அந்த 30 ஃபிலிம் பார்த்து ஒரு நிறுவனம் போட்ட கணக்கு. சாக் யார் மேல் என்று லீக் பிரிப்பதே இல்லை. சாக்கே 1982-ல்தான் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் ஆனது. முன்யோஸ் வந்தது 1980-ல். எதோடு ஒப்பிடுவீர்கள்?

கிக்ஸ்லைடு:
சரி, 30-ஐ விடுகிறேன். 10,363-ஐ விடமாட்டேன்.

பெங்கால்ஸ்தாசன்:
தாங்கும் சக்தி என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கல்லூரியிலேயே மூன்று முழங்கால் அறுவை சிகிச்சை முடித்துவிட்டு வந்தவர் முன்யோஸ். அந்தக் காலோடு 185 ஆட்டம்.