காயாம்பூவைத் தேடியதும் வளர்த்ததும்

காயாம்பூ வண்ணன் என்று திருமாலைச் சொல்லி வளர்ந்த எனக்கு, அந்தப் பூ எந்தச் செடியில் பூக்கிறது என்பது நாற்பது வயதுவரை தெரியாது. கேட்டவர்களில் பலர் சங்குப்பூவைக் காட்டினார்கள். அது கருவிளை எனப்படும் வேறொரு கொடி. ஒரு நாற்றங்காலில் காயா என்று சொல்லி விற்ற செடியை வாங்கி வந்து ஓராண்டு வளர்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஊதாப் பூ பூத்த பிறகுதான் அது பிரேசிலிலிருந்து வந்த திபூச்சினா என்று தெரிந்தது. காயாவும் திபூச்சினாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அந்தத் தவறு எனக்கு ஒரு வகையில் உதவியது. திபூச்சினாவின் இலையில் அடியிலிருந்து நுனிவரை வளைந்து ஓடும் நரம்புகள் எடுப்பாகத் தெரியும். காயாவின் இலையிலோ நடுநரம்பு மட்டுமே தெளிவாக இருக்கும். பக்க நரம்புகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

உண்மையான காயாவை நான் முதலில் கண்டது புதுச்சேரிக்கு வடக்கே, புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில். சோழமண்டலக் கரையில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் அதுவும் ஒன்று. அங்கே காயா அரிய மரமன்று, நிறைந்து நிற்கும் மரம். அதன் பக்கமாகப் பலமுறை நடந்திருந்தும், பூக்காத நாளில் எதிரெதிராகத் தடித்த இலை கொண்ட ஏதோ ஒரு புதர் என்றே நினைத்துக் கடந்திருக்கிறேன். ஓர் ஏப்ரல் மாதக் காலையில், இலையற்ற முதிர்ந்த கிளைகளின் கணுக்களிலிருந்து நீலம் கொத்துக்கொத்தாகப் பிதுங்கி நின்றதைப் பார்த்தபோது, சங்கப் புலவர்கள் பூத்த காயாங்கிளையை மயிலின் கழுத்துக்கு ஒப்பிட்டது எவ்வளவு கூர்மையான பார்வை என்று புரிந்தது. தனிப் பூ மிகச் சிறியது; நான்கு இதழ், எட்டு மகரந்தத்தாள். கிளை முழுவதும் சேரும்போதுதான் அந்த நிறம் பிறக்கிறது. மூன்று நான்கு நாளில் எல்லாம் உதிர்ந்துவிட்டன.

அடையாளம் காண விரும்புவோர் பூவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. காயாவின் இலை அலுமினியத்தைத் தன்னுள் சேர்த்து வைப்பதால், காயும்போது பழுப்பாகாமல் மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். துணியில் சாயம் நிலைக்கச் சேர்க்கும் படிகாரத்துக்கு மாற்றாகச் சாயத்தொழிலில் இந்த இலை பயன்பட்டதும் அந்த அலுமினியத்தால்தான். புத்தகத்துக்குள் வைத்த இலை மஞ்சளித்ததைப் பார்த்த பிறகே என் ஐயம் முழுமையாக நீங்கியது. தாவரவியலில் இதன் பெயர் மெமிசிலான் அம்பெல்லேட்டம். காசா என்று அழைப்போரும் உண்டு.

கோயில் காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதை மீற எனக்கு மனமில்லை. எனவே அருகிலுள்ள ஓர் ஏரிக்கரைப் புதரிலிருந்து, கறுத்துப் பழுத்த பழங்களாகப் பார்த்து நாற்பதைச் சேகரித்தேன். ஒரு பழத்துக்கு ஒரு விதைதான் இருக்கும். பாதி விதைகளைச் சதை நீக்கி அன்றே செம்மண்ணும் மணலும் கலந்து விதைத்தேன். மீதியை நிழலில் உலர்த்தி ஒரு மாதம் கழித்து விதைத்தேன். உலர்த்தியவற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. உடனே விதைத்தவற்றில் ஒன்பது முளைத்தன, அதுவும் இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்த பிறகு. ஆகவே இந்த விதையைச் சேமித்து வைக்கலாம், அஞ்சலில் அனுப்பலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

முதல் இரண்டாண்டு அரைநிழலில் வைத்திருந்தேன். தண்ணீர் தேங்கிய தொட்டியில் நின்ற நான்கும் ஒரே மழைக்காலத்தில் அழுகிப்போயின. வறட்சியில் வாடிய எதுவும் சாகவில்லை. உரத்துக்கும் அவசரத்துக்கும் இது இணங்குவதில்லை. இரும்பைப் போன்ற கடினமான அதன் கட்டை மெல்லத்தான் உருவாகிறது. இந்த ஆண்டு, நட்ட ஒன்பதாம் ஆண்டில், ஒரு மரத்தின் அடிக்கிளைக் கணுவில் ஒரே ஒரு கொத்து பூத்தது. மற்ற நான்கும் இன்னும் பூக்கவில்லை. அவற்றில் ஒன்று என் இடுப்புயரத்தைக்கூட எட்டவில்லை.