யோவான், யஹ்யா, ஹன்னா: பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க உதவி தேவை

அரபு எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். எபிரேய, அரபுப் பெயர் இணைகளுக்குத் தமிழில் ஒரு பட்டியல் தயாராகிறது. யோசேப்பு–யூசுஃப், தாவீது–தாவூத் போன்றவை சுலபமாக உட்கார்ந்துவிட்டன. இழுபறி யோவானில்தான்.

எபிரேயத்தில் யோஹனான். அரபுக் கிறிஸ்தவர்களுக்கு யூஹன்னா, குர்ஆனில் யஹ்யா. அரபில் ‘வாவ்’ என்ற எழுத்து இல்லாமல், கடைசியில் ‘யே’ எழுத்தின் வடிவில் முடித்து யுஹன்னா என்று எழுதிப் புள்ளிகளை நீக்கினால், அது யஹ்யாவின் அதே கோடுதான். மேலே ஒரு புள்ளியா, கீழே இரண்டா என்பதே வித்தியாசம். இதை வைத்து, யுஹன்னாதான் யஹ்யாவாக மாறியது என்று கதை சொல்வோர் உண்டு. அது ஊகம் மட்டுமே என்பதால் பட்டியலில் சேர்க்கவில்லை.

பெரிய தலைவலி ஹன்னா. லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பக்கம் அது யூஹன்னாவின் சுருக்கம், ஆண் பெயர், அலிஃப் என்ற எழுத்தில் முடியும். சாமுவேலின் தாய் அன்னாளும் அரபில் ஹன்னாதான், ஆனால் பெரும்பாலும் பெண்பாலைக் காட்டும் தா மர்பூத்தா என்ற எழுத்தில் முடியும். தமிழில் எழுதியதும் இரண்டும் ஒன்றாகி, ஆண்களும் பெண்கள் வரிசையில் போய் நிற்கிறார்கள்.

கேள்வி இரண்டு. ஈராக், எகிப்துக் கிறிஸ்தவர்களிடம் ஆண் பெயர் ஹன்னாவின் கடைசி எழுத்து எது? அரபில் யூஹன்னாவின் ஹா வேறு எழுத்து, இப்ராஹீமின் ஹா வேறு எழுத்து. தமிழில் இரண்டையும் பிரித்துக்காட்ட நூலகங்களில் ஏதாவது குறியீடு புழங்குகிறதா?