சுடுகாட்டுப் பாதைக்கு ஒரே ஒரு முன்மாதிரி வழக்கு போதுமா?

வெண்ணாறு:
திருவாரூர் பக்கம் ஒரு ஊர். ஆதிதிராவிடர் தெருவில் சாவு விழுந்தால் பாடையைப் பொதுத்தெரு வழியாகத் தூக்க விடுவதில்லை. சம்பா நட்ட வயலில், முழங்கால் சேற்றில், பயிரை மிதித்துக்கொண்டுதான் போகணும். ஒவ்வொரு சாவுக்கும் சமாதானக் கூட்டம் போடுவதை விட, ஆதாரம் பலமான ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து ரிட் (அதிகாரிகளுக்கு ஆணையிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட்டு, டெல்டா முழுக்கச் செல்லும் தீர்ப்பு வாங்கணும். செக் நாட்டு ஒஸ்ட்ராவாவில் ரோமா என்ற சிறுபான்மை இனக் குழந்தைகளை, கற்கும் திறன் குறைந்தோருக்கான சிறப்புப் பள்ளிக்குத் தள்ளியதை எதிர்த்து 18 பேர் போட்ட வழக்கும் அப்படித் தேர்ந்தெடுத்ததுதான். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2006-ல் தோற்று, 2007-ல் அதே நீதிமன்றத்தின் பேரமர்வில் (கூடுதல் நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு) ஜெயித்தார்கள். மற்றக் குழந்தைகளை விட ரோமா குழந்தை அந்தப் பள்ளிக்குப் போகும் வாய்ப்பு 27 மடங்கு என்ற கணக்கு அங்கே பெரிய பலம்.

குடமுருட்டி:
தோழர், தீர்ப்புக்கா நமக்குப் பஞ்சம்? 2016 ஜனவரியில் மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலை வழுவூர்ப் பொதுப்பாதையில் எடுத்துப்போக உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் போலீஸே உடலை எடுத்து வேறு வழியில் கொண்டுபோய் அடக்கம் செய்தது. தாள் கையில் இருந்தது, பாதை இல்லை.

மறிக்கிறவர் மேல் வழக்குப் போடுங்க. பாதையையும் சுடுகாட்டையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைச் சட்டத்தில் தனிக்குற்றம்; 6 மாதம் முதல் 5 வருஷம் வரை. டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்கணும், 60 நாளில் குற்றப்பத்திரிகை. எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திருப்பி அனுப்பினால் அன்றைக்கே எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போகணும்.

வெண்ணாறு:
அந்த வழக்கு மறித்தவரைத் தண்டிக்கும், பாதையை அளந்து தராது. சாட்சி யார்? மறிப்பவர் வயலில்தானே மறுநாள் நடவுக்குப் போகணும். பாதிப் பேர் கோர்ட்டில் முன்சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சி ஆவது அதனால்தான்.

மன்னை குமாஸ்தா:
ரெண்டு பேரும் காகிதத்தை விட்டுட்டீங்க. முதலில் எந்த நீதிமன்றம்? தஞ்சாவூர் என்றால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்றால் சென்னை. அடுத்தது புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை என்ற வருவாய்த்துறைப் பதிவேடு). 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க, 30 நாள். பாதை புறம்போக்கா, பட்டா நிலமா என்பதில்தான் வழக்கே நிற்கும். பட்டா நிலம் என்றால் முதலில் அரசைப் பாதைக்கு நிலம் எடுக்கச் சொல்லிக் கேட்கணும்.

பல ரிட் செத்துப்போவது கோரிக்கைப் பத்தியில். 'என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுக' என்று எழுதினால், '12 வாரத்துக்குள் பரிசீலி' என்று முடித்துவிடுவாங்க. கலெக்டரும் பரிசீலித்து நிராகரிப்பார். அதை விட்டு, இந்த சர்வே எண்ணை அளந்து கல் நடு, நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து அகற்று, இந்தத் தேதிக்குள் அமலாக்க அறிக்கை தாக்கல் செய் என்று பிரித்துக் கேளுங்க. நோட்டீஸ் இல்லாமல் இடித்தால் எதிர்த்தரப்பு தடை வாங்கிவிடும்.

குடமுருட்டி:
சரிண்ணே, உத்தரவை மதிக்கலைன்னா?

மன்னை குமாஸ்தா:
நீதிமன்ற அவமதிப்பு மனு. ஒரே வருஷம்தான் கெடு. திரும்பத் திரும்பக் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுத்துக்கொண்டே அந்த வருஷத்தைத் தொலைக்கிறாங்க.

குடமுருட்டி:
அப்படியானால் ரிட்டும் எஃப்.ஐ.ஆரும் சேர்ந்தே போகட்டும். ஆனால் ஒரே ஊர் வழக்கு என்று சொல்லி ஒரே மனுதாரரை முன்னால் நிறுத்துவதை நான் ஒத்துக்கவே மாட்டேன். தனி ஆள் கையெழுத்துப் போட்டால் அவர் குடும்பத்துக்கு மட்டும் அறுப்பு வேலை நிற்கும். புறக்கணிப்பும் வன்கொடுமைச் சட்டத்தில் குற்றம்தான், ஆனால் அதை நிரூபிக்கும்வரை உலை எரியணுமே. தெருவில் வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போடணும்.

வெண்ணாறு:
அதை ஏற்கிறேன். வழக்குக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கையெழுத்துப் போட எத்தனை வீடு தயார் என்பதையும் பார்க்கணும். ஆனால் ஒரே முன்மாதிரி வழக்கை விட்டுவிட்டு ஊருக்கு ஊர் தனி ரிட் என்ற முடிவுக்கு மட்டும் நான் வரமாட்டேன்.

மன்னை குமாஸ்தா:
அதைப் பிறகு பேசலாம். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டால் சர்வேயர் சங்கிலி பிடிக்க மாட்டார். அளவை மனுவை இந்தக் கோடையிலேயே தாசில்தாரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைங்க.