சிங்கப்பூரில் “ஆ பெங்” என்பது யாரை? புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

தோ பாயோவில் வாடகைக்குக் குடிவந்திருக்கும் சகோதரியின் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். இதே ஐயம் வேறு வேறு உருவில் பலரிடமும் இருக்கிறது. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரவு பத்து மணிக்கு மேலும் கூடி நிற்கும், முடிக்குச் சாயம் பூசிக் கை நிறையப் பச்சை குத்திய சீன இளைஞர்களைக் கண்டு அஞ்ச வேண்டுமா, தொடக்கப்பள்ளியை இப்போதுதான் முடித்த மகன் அவர்களோடு பேசினால் தடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். அலுவலகத்தில் சீனத் தோழி ஒருவரிடம் சொன்னபோது, “அவர்கள் எல்லாம் ஆ பெங், கண்டுகொள்ளாதீர்கள்” என்று சிரித்துவிட்டாராம். விஷயம் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது.

அச்சத்துக்கு நேரடிப் பதில் இது. கூடி நிற்பதும் உரக்கப் பேசுவதும் பச்சை குத்துவதும் குற்றமல்ல. அவர்களில் பெரும்பாலோர் பகலில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர்கள், கைப்பேசிக் கடையில் நிற்பவர்கள், உணவு விநியோகம் செய்பவர்கள், அல்லது கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவைக்கான அழைப்புக்குக் காத்திருப்பவர்கள். நீங்கள் அரிசி மூட்டையோடு வருவதைப் பார்த்து மின்தூக்கிக் கதவைக் காலால் தடுத்து வைத்துக்கொண்டு, “ஆன்ட்டி, எந்த மாடி?” என்று கேட்பவரும் அவர்களில் ஒருவராகவே இருக்கக்கூடும். இரைச்சல் தாங்க முடியாவிட்டால் நகர மன்றத்துக்கோ காவல்துறைக்கோ சொல்லலாம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

தோழியின் சிரிப்பைப் புரிந்துகொள்ளத்தான் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. ஆ பெங் என்பது ஒருவகைச் சீன இளைஞனுக்கும், ஆ லியன் என்பது அவனையொத்த பெண்ணுக்கும் ஊர் வைத்த பெயர். 1990களில் அந்தப் பெயருக்கு உரிய கோலம் பொன்னிறச் சாயமும் தொளதொளக் கால்சட்டையும் பின்பையில் சீப்பும் இடுப்பில் பேஜரும் காதைப் பிளக்கும் டெக்னோ இசையுமாக இருந்தது. இன்று கறுப்பு டி-சட்டை, மார்புக்குக் குறுக்கே சிறு பை, ஓசை கூட்டிய மோட்டார் சைக்கிள் என்று ஆகியிருக்கிறது. உடை எத்தனை முறை மாறினாலும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருபவை சில உண்டு: ஆங்கிலம் தடுமாறும், வீட்டில் ஹொக்கியன் என்ற தென்சீன வட்டார மொழியோ பொதுச் சீனமான மாண்டரினோ பேசுவார்கள், வாழ்வது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, படிப்பில் கடைசி வரிசை. உடையைக் கேலி செய்வதுபோல் தொடங்கும் பேச்சு கடைசியில் வர்க்கத்தைத்தான் சுட்டுகிறது.

இந்தப் பிளவு சீனச் சமூகத்துக்குள் எப்படி விழுந்தது என்பதற்கு மொழியைப் பார்த்தால் போதும். காலனி ஆட்சிக் காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்குப் போன சீனர்களும் சீனப் பள்ளிக்குப் போன சீனர்களும் ஏறக்குறைய இரண்டு தனி உலகங்களில் வாழ்ந்தார்கள். அரசு வேலையும் ஐரோப்பிய நிறுவனங்களின் எழுத்தர் வேலையும் முதல் கூட்டத்துக்குப் போயின, கடைத்தெருவும் பட்டறையும் சீன நாளிதழும் இரண்டாவது கூட்டத்திடம் இருந்தன. சீன மொழியில் உயர்கல்வி வேண்டும் என்று 1950களில் ஜூரோங்கில் நன்யாங் பல்கலைக்கழகத்தை எழுப்பியபோது பெரும் வணிகர்களோடு டிரைஷா ஓட்டிகளும் தங்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். தனிநாடான பிறகு பொருளாதாரம் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது; சீனப் பள்ளிகளில் சேர்க்கை குறைந்துகொண்டே வந்து, 1980-இல் அந்தப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு இன்றைய தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி.

அதற்கு முன்பே, 1979-இல், பிரதமர் லீ குவான் யூ மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கிவைத்திருந்தார். ஹொக்கியன், தியோச்சியூ, கேண்டனீஸ், ஹக்கா, ஹைனனீஸ் ஆகியவற்றை விட்டுவிட்டு எல்லாச் சீனர்களும் மாண்டரினுக்கு மாறவேண்டும் என்பது அதன் நோக்கம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இருந்து அந்த மொழிகள் படிப்படியாக ஒதுக்கப்பட்டன. ஹாங்காங் தொடர்கள்கூட மாண்டரின் குரலோடுதான் வந்தன. பாட்டிக்கும் பேரனுக்கும் பொதுமொழி இல்லாமற்போன வீடுகளைப் பற்றி வயதான சீன அண்டைவீட்டார் இன்றும் வருத்தத்தோடு சொல்வார்கள். ஆனால் ஹொக்கியன் சாகவில்லை. அது சந்தையிலும் கட்டுமானத் தளத்திலும் இராணுவ முகாமிலும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்துக் கெத்தாய் பாட்டு மேடைகளிலும் தங்கிவிட்டது. அப்படித் தங்கிய இடங்களாலேயே அது உழைப்பாளியின் மொழி, கெட்ட வார்த்தையின் மொழி, ஆ பெங்கின் மொழி என்று முத்திரை பெற்றது. எந்தக் கூட்டம் நாட்டின் மிகப்பெரிய சீனப் பிரிவோ அதன் தாய்மொழியே மட்டமான மொழியாகிப்போனது, என் பார்வையில், இந்தக் கதையின் மிகக் கசப்பான பகுதி.

தொலைக்காட்சி அந்த உருவத்தைச் செல்லமாக்கியது. 1997 முதல் 2007 வரை ஓடிய ‘புவா சூ காங்’ நகைச்சுவைத் தொடரில் மஞ்சள் ரப்பர் காலணியும் முகத்தில் பெரிய மச்சமுமாக வரும் கட்டட ஒப்பந்தக்காரர்தான் நாடறிந்த ஆ பெங். அவருக்கு எதிரே ஆங்கிலம் படித்த, நாசூக்கான தம்பி குடும்பம். அந்தப் பாத்திரத்தில் நடித்த குர்மித் சிங்கின் தந்தை ஒரு சீக்கியர் என்பதை இங்கே யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்வதில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங், புவா சூ காங்கை ஆங்கில வகுப்புக்கு அனுப்புங்கள் என்று தொலைக்காட்சி நிறுவனத்திடம் சொன்னதாகக் குறிப்பிட்டார். அதே உரையில்தான் உலகெங்கும் சென்று பிழைக்கக்கூடிய “காஸ்மோபாலிட்டன்”, பேட்டையில் வேரூன்றிய “ஹார்ட்லேண்டர்” என்று குடிமக்களை இருவகையாக அவர் விவரித்தார். இரண்டாவது சொல் இன்று அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. அதைச் சொல்பவர் வசதிபடைத்தோர் வட்டாரமான புக்கிட் தீமாவில் இருக்கிறாரா, வீவக பேட்டையான ஹவ்காங்கில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து அதன் சுவை மாறும்.

பள்ளிக்கூடம் இதற்கு அரசு முத்திரை குத்தியது என்பதைப் பிள்ளைகள் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். 1979-இல் வெளிவந்த கோ கெங் சுவீ அறிக்கையைத் தொடர்ந்து மாணவர்களைத் திறனுக்கேற்பத் தனித்தனிப் பிரிவுகளில் அமர்த்தும் முறை வந்தது. உயர்நிலைப் பள்ளியில் விரைவுநிலை, அதற்குக் கீழான வழக்கநிலை என்ற பிரிவினை ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது. பன்னிரண்டு வயதில் எழுதும் தேர்வு ஒன்று, யார் பல்கலைக்கழகத்துக்கு வழியான தொடக்கக்கல்லூரிக்கும் யார் தொழில் பயிற்சி தரும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கும் போவார் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும், துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கும் அந்தத் தேர்வு எளிதாக இருந்ததில் வியப்பில்லை. வழக்கநிலைக்குப் போன சீனப் பையன் முடிக்குச் சாயம் பூசாமலே ஆ பெங் ஆனான். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்டு, ஒவ்வொரு பாடத்தையும் தத்தம் நிலைக்கேற்ப எடுக்கும் முறை வந்திருக்கிறது. பெற்றோர் பேச்சிலிருந்து பழைய பெயர்கள் மறைய இன்னும் காலமாகும்.

கேலி ஒருவழிப் பாதையும் அல்ல. மாண்டரின் தடுமாறும் ஆங்கிலச் சீனரை உருளைக்கிழங்கு தின்பவர் என்ற பொருளில் “ஜியாக் கந்தாங்” என்று மற்றவர்கள் நக்கலடிப்பார்கள். ஆங்கிலச் சீனர்கள் பதிலுக்கு மாண்டரின் பாப் இசையும் சீனப் பள்ளி வாடையும் உள்ளவர்களைப் பழம்பாணிக்காரர் என்று ஒதுக்குவார்கள். ஆனால் இரண்டு கேலிகளுக்கும் எடை ஒன்றல்ல: ஒன்று பெருமையைக் குத்துகிறது, மற்றொன்று வேலை நேர்காணலில் வந்து நிற்கிறது. கொள்கை ஆய்வுக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும், இங்கே நட்பு வட்டங்களைப் பிரிப்பதில் இனத்தையும் சமயத்தையும்விட வர்க்கம், அதாவது வீட்டு வகையும் படித்த பள்ளியும், கூர்மையாக இருப்பதைக் காட்டியது.

புதிதாக வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் இந்தப் பிளவின் ஒரே பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். கொண்டோமினியம், வங்கி அல்லது மென்பொருள் அலுவலகம், ஆங்கிலம் பேசும் சக ஊழியர்கள் என்ற வட்டத்துக்குள் இருந்துகொண்டு “சீனர்கள் இப்படித்தான்” என்று முடிவு கட்டிவிடுவது எளிது. உங்கள் மேலாளர் கூட்ட அறையில் லண்டன் உச்சரிப்போடு பேசிவிட்டு வெளியே வந்து, குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவரிடம் ஹொக்கியனும் மலாயும் ஆங்கிலமும் கலந்து, குரலையே இறக்கி, “பாஸ், எப்படி, முடியுமா?” என்று கேட்பதை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். அந்தப் பேச்சை அவர் பெரும்பாலும் தேசிய சேவையில் கற்றிருப்பார். இரண்டு வகைச் சீன இளைஞர்களும் ஒரே படுக்கை அறையில் இரண்டாண்டு தூங்கி எழும் இடம் அது ஒன்றுதான்.

சகோதரி தம் மகனைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். கவலைப்பட வேண்டியவை தோற்றத்தில் இல்லை. மின்சிகரெட் வைத்திருப்பதே இங்கே சட்டவிரோதம், சும்மா இழுத்துப் பார்த்தேன் என்பது சாக்காகாது. ரகசியக் கும்பலில் உறுப்பினராக இருப்பதும் குற்றம். கும்பல் என்றால் சீனர்கள் மட்டுமே என்பதும் பழைய கணக்கு, மலாய் இளைஞர்களும் நம் இளைஞர்களும் அவற்றில் பிடிபட்டிருக்கிறார்கள். மகன் புதிய பெயரொன்றை அடைமொழியாகச் சொல்லத் தொடங்கினால், காரணம் சொல்லாமல் பணம் கேட்டால், பள்ளி ஆலோசகரிடம் உடனே பேசுங்கள். மற்றபடி அவர்கள் கூடைப்பந்து ஆட அழைத்தால் அனுப்புங்கள்.

பின்னர் கேட்ட மூவருக்கும் சுருக்கமாக.

சீனாவிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்ச் சீனர்களும் ஒன்றா என்றால், இல்லை. சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இந்திய அண்டை வீட்டாரின் கறி வாசனையைப் பற்றி முறையிட்ட செய்தி 2011-இல் வெளியானபோது, ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் கறி சமைப்போம் என்று இணையத்தில் திரண்டவர்களில் உள்ளூர்ச் சீனர்கள் ஏராளம். மலேசியாவிலிருந்து வந்த சீன சக ஊழியர்கள் வேறொரு கணக்கு: அரசு நிதி பெறும் சீனத் தொடக்கப்பள்ளிகள் அங்கே ஆயிரத்துக்கு மேல் இருப்பதால் அவர்களுடைய மாண்டரின் வலுவாக இருக்கும், கோலாலம்பூர்க்காரராயின் கேண்டனீஸும் பினாங்குக்காரராயின் ஹொக்கியனும் வரும்.

சிங்க நடனக் குழுவில் மகன் சேரக் கேட்கிறான் என்ற தம்பிக்கு: தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிக்கும் பையன்களைக் கும்பல்காரர்கள் என்று நம்மவர்களே சொல்லும் அதே பேச்சுத்தான் சிங்க நடனப் பையன்களைப் பற்றியும் சொல்லப்படுகிறது. குழு பதிவு பெற்றதா, பயிற்சி எங்கே, பயிற்றுநர் யார், எத்தனை மணிக்கு முடியும் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பள்ளியிலேயே அந்தக் குழு இருந்தால் இன்னும் நல்லது.

ஹொக்கியன் கற்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. “கோப்பி ஓ கோசோங்” என்று கேட்கத் தெரிந்தால் சர்க்கரையும் பாலும் இல்லாத காப்பி வந்துவிடும், கடைக்காரரின் முகமும் மலரும். வசைச் சொற்களை மட்டும் சக ஊழியர்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தாலும் திருப்பிச் சொல்லாதீர்கள்; ஆ பெங், ஆ லியன் என்ற பெயர்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தவையே, அவர்கள் தங்களைத் தாங்களே அப்படி அழைத்துக்கொண்டாலும் சரி.