ஜவ்வுத் தையலுக்குப் பிறகு காலை எப்போது ஊன்றலாம்?

கேள்வி:
முழங்கால் ஆபரேஷன் முடிந்த இரண்டு நோயாளிகளின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ‘மெனிஸ்கஸ் ரிப்பேர்’ (முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவ ஜவ்வைத் தைப்பது) என்றுதான் இருக்கிறது. பக்கெட் ஹேண்டில் கிழிவு (வாளிக் கைப்பிடிபோல் பிரிந்து நிற்பது) இருந்தவரிடம், பிரேஸை நேராகப் பூட்டிக்கொண்டு மறுநாளே காலூன்றச் சொல்லியிருக்கிறார்கள். உள்பக்க மெனிஸ்கஸின் பின்வேர் (பின்னால் எலும்பில் பிடித்திருக்கும் முனை) அறுந்தவருக்கு 6 வாரம் எடையே கூடாதாம். ஏன் இந்த வித்தியாசம்? வீட்டாருக்கு எப்படிச் சொல்வது? சம்மணம் எப்போது?

பதில் 1:
இரண்டும் சரிதான். எடை ஏறும்போது தொடை எலும்பு மெனிஸ்கஸை வெளிப்பக்கம் தள்ளும். முன்னும் பின்னும் எலும்பில் வேர் பிடித்திருப்பதால்தான் அது பிதுங்காமல் நிற்கிறது. பக்கெட் ஹேண்டில் கிழிவு நீளவாக்கில் ஓடுவது. கால் நேராக இருக்கையில் எடை விழுந்தால் கிழிந்த விளிம்புகள் ஒன்றோடொன்று அழுந்தும், தையலுக்குக் கெடுதல் இல்லை. வேர் அறுந்தால் கதையே வேறு. கீழ்க்கால் எலும்பான டிபியாவில் துளை போட்டு, நூலை அதன் வழியே இழுத்து, முன்பக்கம் பட்டனில் கட்டியிருப்பார்கள். ஊன்றும் ஒவ்வொரு அடியும் அந்த நூலை இழுக்கும். நூல் மெனிஸ்கஸை அறுத்துக்கொண்டே வரும். குறுக்குக் கிழிவுக்கும் இதே கணக்கு.

வீட்டாரிடம் மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சொல்லுங்கள். இரும்புப் பட்டா ஒரே இடத்தில் விட்டாலும் சக்கரம் மொத்தமும் விரிந்துவிடும். வேர் அப்படித்தான்.

இன்னொன்று: நம் ஊரில் ஏசிஎல்லையும் (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் டிபியாவையும் இணைக்கும் நார்) ‘ஜவ்வு’ என்றுதான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து நடந்த கணக்கை இவர்கள் பின்பற்றிவிடக் கூடாது.

பதில் 2:
மடக்கும் கணக்கு இருவருக்கும் பெரும்பாலும் ஒன்றே. 90 டிகிரியைத் தாண்டினால் சுமை பின்கொம்பின் (மெனிஸ்கஸின் பின்பகுதி) மேல் ஏறும். அதனால் முதல் 4–6 வாரம் 0–90க்குள். எடையோடு ஆழமாகக் குந்துவது 4 மாதத்துக்கு வேண்டாம். சம்மணத்தில் மடக்கலோடு முறுக்கலும் சேர்வதால் அது அதற்கும் பிறகுதான், சர்ஜன் பார்த்துச் சொன்ன பின். வெஸ்டர்ன் டாய்லெட்டோ கமோடு நாற்காலியோ ஆபரேஷனுக்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

வேர் கேஸில் பலர் தவறவிடுவது ஹாம்ஸ்டிரிங் (பின்தொடைத் தசைகள்). அவற்றில் ஒன்றான செமிமெம்பரனோசஸின் தசைநார் உள்பக்கப் பின்கொம்போடும் ஒட்டியிருக்கிறது. குப்புறப் படுத்து எடை கட்டி மடக்கும் பயிற்சியை முதல் 6 வாரம் தொடவே வேண்டாம்.

பதில் 3:
சம்மரி போதாது, ஆபரேஷன் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். கிழிவு ரத்த ஓட்டமுள்ள வெளி ஓரத்திலா, எத்தனை தையல், கூடவே ஏசிஎல்லும் செய்தார்களா என்று பாருங்கள். ஏசிஎல்லும் சேர்ந்தால், எலும்புத் துளையிலிருந்து கசியும் ரத்தம் தையல் ஆற உதவும்.

உள்பக்க மெனிஸ்கஸ் தையலில் முடிச்சை முழங்கால் மடங்கிய நிலையில் போட்டிருந்தால் பின் கேப்சூல் (மூட்டைச் சுற்றியுள்ள உறையின் பின்பகுதி) சுருங்கி, கால் முழுதாக நீளாது. நீட்டலை முதல் வாரத்திலிருந்தே அளந்து எழுதுங்கள். கெண்டைக்கால் உள்பக்கம் மரத்தால் சஃபீனஸ் நரம்பைச் சந்தேகியுங்கள். வெளிப்பக்கத் தையலுக்குப் பிறகு பாதம் மேலே தூக்க வரவில்லையென்றால் அன்றே சர்ஜனிடம் சொல்லுங்கள். ஊன்றாதவருக்குக் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலும் காத்திருக்க வேண்டாம், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

6 வாரத்தில் வலி போய்விடும். தையல் அதற்குள் ஆறியிருக்காது. அந்தத் தைரியத்தில் மறுபடி கிழித்துக்கொள்பவர்கள் உண்டு.